கதாநாயகிக்குப் பக்கத்தில் நிற்பவர்: தெல்மா ரிட்டரை வைத்து ஓர் அறிமுகம்

1947இல் வெளிவந்த 'மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' படத்தில் ஒரு காட்சி. நியூயார்க்கின் மேசீஸ் கடையில் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்கச் சிறுவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு பையன் தீயணைப்பு வண்டி பொம்மை கேட்கிறான். கட்டாயம் கிடைக்கும் என்கிறார் தாத்தா. கூட வந்த அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஊரெல்லாம் தேடி எங்கும் கிடைக்காத பொம்மை அது. இந்த மனிதர் பாட்டுக்கு வாக்குக் கொடுக்கிறாரே! தாத்தா அசரவில்லை. லெக்சிங்டன் அவென்யூவில் இன்ன கடையில் எட்டரை டாலருக்குக் கிடைக்கும், போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். தன் கடைக்கு வந்தவரைப் போட்டிக் கடைக்கு அனுப்பும் வியாபாரத்தை அந்த அம்மா எங்கே கண்டார்? அலைந்த களைப்பு, கோபம், சந்தேகம், திகைப்பு, கடைசியில் இனி நான் மேசீஸ் வாடிக்கையாளர்தான் என்ற முடிவு, எல்லாமே கொஞ்ச நேரத்துக்குள் அவர் முகத்தில் வந்து போகின்றன.

நடித்தவரின் பெயர் டைட்டிலில் இல்லை. தெல்மா ரிட்டர் என்பது அவர் பெயர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. படம்பிடித்த பகுதிகளைப் போட்டுப் பார்த்த ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டுடியோவின் தயாரிப்புத் தலைவர் டாரில் ஸானக்குக்கு அந்த அம்மாவை மிகவும் பிடித்துவிட, அவருடைய பகுதியைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை அவருக்கு ஆறு முறை வந்தது. அந்தப் பிரிவில் அதற்கு மேல் யாரும் பரிந்துரை பெற்றதில்லை. ஒரு முறையும் விருது கிடைக்கவில்லை.

பழைய ஹாலிவுட் படங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் நட்சத்திரங்களைப் பிடித்துக்கொள்வார்கள். பெட்டி டேவிஸ், கிரேஸ் கெல்லி, மர்லின் மன்றோ. பத்துப் பதினைந்து படம் ஆன பிறகு வேறு சில முகங்கள் அடையாளம் தெரிய ஆரம்பிக்கும். "இந்த அம்மாவை ஏற்கெனவே பார்த்திருக்கிறோமே, அதில் நர்ஸாக வந்தாரே, இதில் சமையல்காரி" என்று தோன்றும். குணச்சித்திர நடிகை என்றால் யார், அவருக்குப் படத்தில் என்ன வேலை, அந்தத் தொழில் அன்றைய ஹாலிவுட்டில் எப்படி ஓடியது என்பதையெல்லாம் தெல்மாவை வைத்தே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். இவ்வளவு சுத்தமான உதாரணம் வேறு கிடைப்பது கஷ்டம்.

யார் எந்தப் படியில்

கீழேயிருந்து போவோம். தெருவில் நடப்பவர், ஓட்டலில் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுபவர், இவர்கள் எக்ஸ்ட்ராக்கள். 1925இல் சென்ட்ரல் காஸ்டிங் என்றொரு பொது அலுவலகம் தொடங்கப்பட்டது. எந்த ஸ்டுடியோவுக்கு எத்தனை பேர் வேண்டுமென்றாலும் அங்கே சொல்லி அனுப்பினால் ஆள் வரும். அதற்கு அடுத்த படி பிட் வேடம். வசனம் உண்டு, சில சமயம் ஒரு முழுக் காட்சிகூட உண்டு, ஆனால் டைட்டிலில் பெயர் வராது. மேசீஸ் அம்மா அந்த ரகம். அதற்கும் மேலேதான் துணைப் பாத்திரம். இங்கே பெயர் இருக்கும், கதைக்குள் ஒரு பொறுப்பு இருக்கும், படம் முழுக்கப் பல இடங்களில் வருவார். எல்லாவற்றுக்கும் மேலே நாயகனும் நாயகியும்.

துணைப் பாத்திரத்துக்கும் நாயகிக்கும் உள்ள எல்லையை நிமிடக் கணக்கால் போட முடியாது. 1976இல் வந்த 'நெட்வொர்க்' படத்தில் ஏறக்குறைய ஐந்தே நிமிடம் வந்து பியாட்ரிஸ் ஸ்ட்ரெயிட் துணை நடிகை ஆஸ்கரை வாங்கியிருக்கிறார். 'பேப்பர் மூன்' படத்தில் கிட்டத்தட்ட எல்லாக் காட்சியிலும் வரும் பத்து வயது டேட்டம் ஓ'நீலுக்கும் அதே பிரிவில்தான் விருது கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், யாருடைய ஆசை நிறைவேறுமா என்று நாம் காத்திருக்கிறோமோ அவர்தான் நாயகர். அந்த ஆசைக்குக் கை கொடுப்பவர், குறுக்கே நிற்பவர், "உனக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்பவர், இவர்களெல்லாம் துணை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஒரு படத்தில் துணைப் பாத்திரம் செய்தவரெல்லாம் குணச்சித்திர நடிகை ஆகிவிட மாட்டார். 1953ஆம் ஆண்டுப் படங்களுக்கான துணை நடிகை விருதை வாங்கிய டோனா ரீட் மற்றப் படங்களில் கதாநாயகியாக நடித்தவர்தான். துணைப் பாத்திரம் என்பது ஒரு வேடம். குணச்சித்திர நடிப்போ முழுநேரத் தொழில். முகம், குரல், வயது, நடை இவற்றை வைத்து "இந்த மாதிரி ஆள் வேண்டும்" என்று கூப்பிடப்படுகிறவர்கள் அவர்கள். இருபது வயதில் முடிந்துபோகாத தொழில். பலருக்கு நாற்பதில்தான் தொடங்கும்.

ஸ்டுடியோவுக்கு ஏன் இவர்கள் தேவைப்பட்டார்கள்

1930களிலும் 40களிலும் ஹாலிவுட் பெரிய ஸ்டுடியோக்களின் கையில் இருந்தது. எம்.ஜி.எம்., பாரமவுன்ட், வார்னர், ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. என்ற ஐந்து பெரியவை. யுனிவர்சல், கொலம்பியா, யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற மூன்று அடுத்த நிலை. ஐந்து பெரியவர்களும் படம் எடுத்ததோடு அதைத் திரையிடும் கொட்டகைகளையும் வைத்திருந்தார்கள். கொட்டகை காலியாக இருக்கக் கூடாது. ஆகவே வாரா வாரம் புதுப் படம் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்காக எழுத்தாளர், ஒப்பனைக்காரர், நடிகர் என்று எல்லோரையும் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். நடிகர்களின் ஒப்பந்தம் பொதுவாக ஏழு ஆண்டு. ஆனால் நடுவில் வேண்டாமென்று முறித்துக்கொள்ளும் உரிமை ஸ்டுடியோவுக்கு மட்டும்தான். நடிகருக்கு இல்லை.

இந்த ஏற்பாட்டில் குணச்சித்திர நடிகர்கள் மிகவும் வசதியானவர்கள். நட்சத்திரத்துக்காகக் கதை எழுத வேண்டும், உடை தைக்க வேண்டும், பத்திரிகையில் பெயர் அடிபடச் செய்ய வேண்டும். குணச்சித்திர நடிகை காலையில் வருவார், இரண்டு காட்சி முடிப்பார், வேறொரு படத்துக்குப் போவார். பார்வையாளருக்கும் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கதவைத் திறந்துகொண்டு அவர் உள்ளே வந்தாலே இவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். எழுத்தாளருக்கு இரண்டு பக்கம் மிச்சம். பியூலா பாண்டி என்ற நடிகை நான்கு படங்களில் ஜேம்ஸ் ஸ்டுவர்ட்டுக்கு அம்மாவாக நடித்திருக்கிறார். ஸ்டுவர்ட்டுக்கு அம்மா என்றால் பாண்டி என்று ரசிகர்களுக்கே பழகிவிட்டது. 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' படத்தில் அம்மாவாக வந்து ஆஸ்கர் வாங்கிய ஜேன் டார்வெல், இருபத்து நான்கு வருடம் கழித்து 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் பறவைகளுக்குத் தீனி விற்கும் கிழவியாக வந்தார். இத்தனை வருடம் கேமரா முன்னால் நிற்க நாயகிகளில் எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருந்தது?

புரூக்ளினிலிருந்து

தெல்மா 1902 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். அந்தப் பகுதியின் பேச்சு வழக்கு கடைசி வரை அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. போகாததே அவருக்குச் சோறு போட்டது. அமெரிக்கன் அகாடமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட்ஸில் நடிப்புப் படித்தார். பிறகு வாரத்துக்கு ஒரு நாடகம் என்று ஓடும் கம்பெனிகளில் நடித்தார். 1927இல் ஜோசப் மோரன் என்ற நடிகரைத் திருமணம் செய்தார். மோரன் பின்னால் நடிப்பை விட்டுவிட்டு விளம்பரத் துறைக்குப் போனார். இரண்டு குழந்தைகள். அவர்களை வளர்ப்பதற்காக மேடையிலிருந்து பல வருடம் ஒதுங்கியிருந்த தெல்மா, 1940களில் வானொலி நாடகங்களின் வழியாக மெல்லத் திரும்பி வந்தார். குரல் மட்டுமே வேலை செய்யும் இடம் அது. சலிப்பும் நக்கலும் கனிவும் ஒரே வரியில் கலந்து வரும் அந்தக் குரல் அங்கேதான் பதம் பெற்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அப்புறம்தான் இயக்குநர் ஜார்ஜ் சீட்டன் கூப்பிட்டு அந்த மேசீஸ் காட்சி. 1949இல் ஜோசப் மான்கிவிச் இயக்கிய 'எ லெட்டர் டு த்ரீ வைவ்ஸ்' படத்தில் வேலைக்காரப் பெண்ணாக வந்தார். இதிலும் டைட்டிலில் பெயர் இல்லை. ஆனால் மான்கிவிச் அவரை மறக்கவில்லை. பிறகு இன்னொரு படத்துக்கு எழுத உட்கார்ந்தபோது தெல்மாவை மனத்தில் வைத்தே ஒரு பாத்திரத்தை எழுதினார். அந்தப் படம் 'ஆல் அபவுட் ஈவ்'.

பர்டி, ஸ்டெல்லா, மோ

இனி வருவதுதான் முக்கியமான பகுதி. மூன்று படங்கள், மூன்று விதமான வேலை.

'ஆல் அபவுட் ஈவ்' 1950. மார்கோ என்ற பெரிய நாடக நடிகையாக பெட்டி டேவிஸ். அவருடைய ஒப்பனை அறைக்கு ஈவ் என்ற இளம் ரசிகை வந்து தன் சோகக் கதையைச் சொல்கிறாள்: ஏழைக் குடும்பம், போரில் இறந்த கணவன், தனிமை, மேடை மீது பக்தி. கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் கண் கலங்குகிறது. நமக்கும்தான். அறையின் ஓரத்தில் மார்கோவின் உதவியாளர் பர்டி. ஒரு காலத்தில் மலிவான மேடைகளில் ஆடிப் பாடியவர், இப்போது மார்கோவுக்கு உடை மாட்டிவிட்டுக் கூடவே இருக்கிறவர். அந்த உருக்கமான மௌனத்தை அவர் ஒரே கிண்டல் வரியால் உடைக்கிறார். மார்கோ அதட்டுகிறார். பர்டியும் மன்னிப்புக் கேட்டுவிடுகிறார்.

ஆனால் நமக்குள் ஒரு முள் விழுந்துவிட்டது. இவளை நம்பலாமா? படத்தின் மீதிக் கதை முழுக்க அந்த ஒரு கேள்விதான். பிறகு ஓரிடத்தில் மார்கோவே பர்டியிடம் வாய்விட்டுக் கேட்கிறார், உனக்கு ஏன் ஈவைப் பிடிக்கவில்லை என்று. ஒரு புத்தகத்தைப் பாடம் பண்ணுகிறது போல அவள் உன்னைப் படித்துக்கொண்டிருக்கிறாள், நீ நடப்பதும் பேசுவதும் சாப்பிடுவதும்கூட அவளுக்குப் பாடம் என்கிற அர்த்தத்தில் பதில் வருகிறது. தெல்மா அதைச் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். எச்சரிக்கிற தொனியே இல்லை. வேலைக்கு நடுவில் வானிலை சொல்வது போலச் சொல்கிறார்.

பெரிய விருந்துக் காட்சிக்குப் பிறகு பர்டியைக் காணவே காணோம். எங்கே போனார் என்று யாரும் சொல்வதில்லை. முதல் தடவை பார்க்கும்போது இது உறுத்தும். யோசித்தால் காரணம் புரியும்: ஈவ் யாரென்று மார்கோவுக்கே தெரிய ஆரம்பித்த பிறகு, தெரிந்துகொண்டவர் என்ற பர்டியின் வேலை முடிந்துவிட்டது. துணைப் பாத்திரத்தின் விதி இதுதான். வேலை முடிந்தால் விடைபெறுகிற காட்சிகூடக் கிடைக்காது. சிக்கனம் என்றும் சொல்லலாம், கொஞ்சம் கொடுமை என்றும் சொல்லலாம். நான் இரண்டாவது கட்சி.

அடுத்தது 1954இல் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் எடுத்த 'ரியர் விண்டோ'. கால் முறிந்து கட்டுப்போட்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் புகைப்படக்காரர் ஜெஃப். நடித்தவர் ஜேம்ஸ் ஸ்டுவர்ட். பொழுது போகாமல் ஜன்னல் வழியாக எதிர்வீடுகளை நோட்டம் விடுகிறார். ஒரு வீட்டில் மனைவியைக் கணவன் கொன்றுவிட்டானோ என்று சந்தேகம். கார்னல் வூல்ரிச் 1942இல் எழுதிய சிறுகதையிலிருந்து எடுத்த படம் இது. மூலக் கதையில் நர்ஸ் கிடையாது, காதலியும் கிடையாது; ஓர் ஆண் வேலைக்காரர்தான் உண்டு. ஸ்டெல்லா என்ற நர்ஸ், திரைக்கதை எழுதிய ஜான் மைக்கேல் ஹேஸ் சேர்த்தது.

ஏன் சேர்க்க வேண்டியிருந்தது? சிறுகதையில் நாயகனே கதை சொல்கிறான். மனத்தில் ஓடுவதை எழுதிவிடலாம். சினிமாவில் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருப்பவன் என்ன நினைக்கிறான் என்று எப்படிக் காட்டுவது? யாரிடமாவது பேசியாக வேண்டும். தினமும் காலையில் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் நர்ஸ் வருகிறார், உடம்பைப் பிடித்துவிடுகிறார், வாயும் சும்மா இல்லை. அவர்கள் பேசப் பேச நமக்கு எல்லாத் தகவலும் கிடைத்துவிடுகிறது: லிசா என்ற பெண்ணை ஏன் கல்யாணம் செய்ய இவருக்குத் தயக்கம், எல்லாமே. தகவல் சொல்கிறார்கள் என்று நமக்கு உறைப்பதே இல்லை. காரணம், ஸ்டெல்லா வேடிக்கையாகப் பேசுகிறார். 1929 பங்குச் சந்தை வீழ்ச்சியைத் தான் முன்கூட்டியே கணித்ததாக ஒரு கதை சொல்வார். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் இயக்குநர் ஒருவருக்கு அப்போது இவர்தான் நர்ஸ். அந்த ஆள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழிவறைக்கு ஓடினார் என்பதை வைத்துப் போட்ட கணிப்பாம்.

முதல் காட்சியில், அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பது சட்டப்படிக் குற்றம் என்று ஜெஃபைத் திட்டுகிறவர் இதே ஸ்டெல்லாதான். நாளாக ஆக அவரும் ஜன்னலுக்கு வந்துவிடுகிறார். ஜெஃப் காலைச் சாப்பாட்டில் கை வைக்கும் நேரம் பார்த்து, கொலைகாரன் உடலை எங்கே வைத்து வெட்டியிருப்பான், குளியல் தொட்டியிலா என்று ஆர்வமாக ஆராய்கிறார். கடைசியில் லிசாவோடு சேர்ந்து எதிர்வீட்டுப் பூச்செடிப் பாத்தியைத் தோண்ட மண்வெட்டியோடு போகிறவரும் அவரே. திட்டுவது, எட்டிப் பார்ப்பது, உள்ளே இறங்குவது என்ற இந்தப் பாதை, கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நம்முடைய பாதை. இது தவறு என்று நாமும் ஆரம்பத்தில் நினைத்தோம். அப்புறம் மண்வெட்டி எங்கே என்று தேடுகிறோம். நாம் வெட்கப்படாமல் படத்தோடு போவதற்கு ஸ்டெல்லா அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்.

இந்த இரண்டு வேடங்களிலும் தெல்மாவின் கைகளைப் பாருங்கள். கை சும்மா இருக்கவே இருக்காது. கொக்கியை மாட்டுவது, போர்வையை உதறுவது, தட்டை வைப்பது என்று ஏதோ ஒரு வேலை ஓடிக்கொண்டே இருக்கும், வசனம் அதன் மேல் வந்து உட்காரும். உழைத்துப் பிழைக்கும் பெண் என்பதை அவர் முகத்தைவிட அந்தக் கைகள் நன்றாகச் சொல்கின்றன.

மூன்றாவது, 1953இல் சாமுவேல் ஃபுல்லர் எடுத்த 'பிக்அப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்'. என் கணக்கில் தெல்மாவின் உச்சம் இதுதான். கதை ஒரு பிக்பாக்கெட்காரனைப் பற்றியது. ரிச்சர்ட் விட்மார்க் நடித்தார். ஒரு பெண்ணின் கைப்பையிலிருந்து அவன் அடித்த பொருளில் ரகசிய ஃபிலிம் இருக்கிறது. போலீஸும் தேடுகிறது, கம்யூனிஸ்ட் உளவாளிகளும் தேடுகிறார்கள். நடுவில் மோ என்ற வயதான பெண். வெளிக்குக் கழுத்துப் பட்டை (டை) விற்பவர். உள்ளே, காசு கொடுத்தால் எந்தத் திருடன் எங்கே இருக்கிறான் என்று போலீஸுக்குச் சொல்பவர். ஒவ்வொரு தகவலுக்கும் பேரம் பேசுவார். சேரும் காசெல்லாம் எதற்கு? லாங் ஐலண்டில் நல்ல கல்லறையில் ஓர் இடம், கல்லில் தன் பெயர். அனாதைப் பிணங்களைப் போடும் பொதுக் குழியில் போய்விடக் கூடாது என்பதுதான் வாழ்க்கையில் அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே பயம்.

மோ தன்னைக் காட்டிக்கொடுத்தது தெரிந்தும் விட்மார்க்குக்குக் கோபம் வருவதில்லை. அவளும் சாப்பிட வேண்டாமா என்பது அவன் நியாயம். இருவருக்கும் நடுவில் இருக்கும் இந்த விசித்திரமான பாசத்தை ஃபுல்லர் விளக்கிக்கொண்டே போவதில்லை. தெல்மா அவனைப் பார்க்கும் பார்வையில் விட்டுவிடுகிறார்.

பிறகு அந்த இரவு. மோ களைத்துப்போய் அறைக்கு வருகிறார், ஒரு இசைத்தட்டைப் போடுகிறார். உள்ளே உளவாளி காத்திருக்கிறான். பிக்பாக்கெட்காரனின் இருப்பிடத்தைச் சொன்னால் பணம் தருவதாகச் சொல்கிறான். படம் முழுக்க எல்லாவற்றுக்கும் விலை வைத்த பெண் இதற்கு மட்டும் மறுக்கிறார். வீரவசனம் ஏதும் இல்லை. நான் களைத்துவிட்டேன், சுட்டால் எனக்கு உதவி செய்தவனாவாய் என்கிறார், உடம்பு முழுக்கச் சோர்வோடு. கேமரா மெல்ல அவரை விட்டு நகர்ந்து இசைத்தட்டின் பக்கம் போகிறது. துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

அதோடு விடவில்லை. பொதுக் குழிக்குப் படகில் போய்க்கொண்டிருக்கும் சவப்பெட்டியை விட்மார்க் வந்து கேட்டு வாங்கிக்கொள்கிறான், முறையாக அடக்கம் செய்ய. ஒரு துணைப் பாத்திரத்தின் ஆசை நிறைவேறுமா என்று நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம் என்பது அப்போதுதான் நமக்கே தெரிகிறது. நான் மேலே சொன்ன எல்லைக் கோட்டைத் தெல்மா இங்கே தாண்டிவிட்டார். (பிரெஞ்சு மொழிமாற்றத்தில் கம்யூனிஸ்ட் உளவாளிகளைப் போதைமருந்துக் கடத்தல்காரர்களாக மாற்றிவிட்டார்கள். ஆச்சரியம், கதை அப்போதும் நிற்கிறது. மோவின் மரணம் அரசியலை நம்பி எழுதப்பட்டதல்ல.)

ஆறு தோல்விகள்

ஆஸ்கரில் முதல் எட்டு ஆண்டுகள் துணை நடிகர் பிரிவே கிடையாது. 1935இல் வந்த 'மியூட்டினி ஆன் தி பவுன்ட்டி' என்ற ஒரே படத்திலிருந்து மூன்று பேர் சிறந்த நடிகர் பிரிவில் போட்டியிட்டு மூன்று பேரும் தோற்றார்கள். அதற்கு அடுத்த வருடமே, 1936ஆம் ஆண்டுப் படங்களுக்கு, துணைப் பிரிவுகள் வந்துவிட்டன. முதல் துணை நடிகை விருது கேல் சாண்டர்கார்டுக்கு. ஆனால் வென்றவர்களுக்குச் சிலை தரவில்லை, ஒரு பட்டயம்தான். முழுச் சிலை 1944 விழாவில்தான் கிடைத்தது. அதே வருடப் படங்களுக்கான அடுத்த போட்டியில் பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரே வேடத்துக்காக நாயகர் பிரிவிலும் துணைப் பிரிவிலும் பரிந்துரை பெற்றார். இந்தக் கூத்துக்குப் பிறகு விதியை மாற்றினார்கள்.

'ஆல் அபவுட் ஈவ்' படத்துக்கு மொத்தம் 14 பரிந்துரை. பெட்டி டேவிஸும் ஆன் பாக்ஸ்டரும் நாயகி பிரிவில், செலஸ்ட் ஹோமும் தெல்மாவும் துணைப் பிரிவில். ஒரே படத்து ஆட்கள் எதிரெதிரே நின்றால் வாக்கு பிரியும் என்பார்கள். எப்படியோ, நால்வரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. தெல்மா தோற்றது 'ஹார்வி' படத்தின் ஜோசஃபின் ஹல்லிடம். அதற்குப் பின் வரிசையாக மூன்று வருடம் பரிந்துரை, மூன்று வருடம் தோல்வி: 1951இல் 'தி மேட்டிங் சீசன்', 1952இல் 'வித் எ சாங் இன் மை ஹார்ட்', 1953இல் மோ. பிறகு 1959இல் 'பில்லோ டாக்', 1962இல் 'பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்'.

இவற்றில் 'தி மேட்டிங் சீசன்' வினோதமான விஷயம். ஹாம்பர்கர் கடை கைவிட்டுப்போன ஒரு தாய், பணக்கார வீட்டில் சம்பந்தம் செய்த மகனைத் தேடி வருகிறார். மருமகள் அவரைச் சமையலுக்கு வந்த ஆள் என்று நினைத்துக்கொள்கிறாள். அவரும் திருத்தாமல், மகன் வீட்டிலேயே சமையல்காரியாக இருந்துவிடுகிறார். கதையைத் தூக்கி நிறுத்துவது முழுக்க அந்தத் தாய்தான். ஆனால் விளம்பரத்தில் முன்னால் நின்ற பெயர்கள் ஜீன் டியர்னியும் ஜான் லண்டும். விளைவு, தெல்மா துணை நடிகை. யார் நாயகி என்பதைக் கதையைவிட விளம்பரப் பலகை தீர்மானித்த காலம்.

ஏன் ஒரு முறையும் கிடைக்கவில்லை? அழுது, உடைந்து, மாறிப்போகும் வேடங்களுக்கு வாக்கு விழும். தெல்மாவின் பெண்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. படம் தொடங்கும்போதே அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. மற்றவர்கள்தான் அவர்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்துகொள்ளப் படாதபாடு படுகிறார்கள். மோ விதிவிலக்கு, அந்த வருடம் அவருக்குக் கொடுத்திருக்கலாம். இன்னொன்று, அவர் நடிப்பில் நடிப்பது தெரியாது. வாக்குப் போடுகிறவர்களுக்கு அது எப்போதும் ஒரு சிக்கல்.

ஹாலிவுட் அவரைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1955 ஆஸ்கர் விழா இரண்டு ஊர்களில் ஒரே நேரத்தில் நடந்தது. ஹாலிவுட்டில் பாப் ஹோப் தொகுத்தார், நியூயார்க்கில் தெல்மா. அதே வருடம் பேடி சயெஃப்ஸ்கி எழுதிய 'தி கேட்டர்ட் அஃபேர்' என்ற தொலைக்காட்சி நாடகத்தில் அவர்தான் நாயகி. தொலைக்காட்சிக்கான எம்மி விருதுப் பரிந்துரையும் வந்தது. மறு வருடம் அதைச் சினிமாவாக எடுத்தபோது அந்த வேடம் யாருக்குப் போனது தெரியுமா? பெட்டி டேவிஸுக்கு. மார்கோவுக்கு உடை மாட்டிவிட்ட பர்டியின் வேடத்தை மார்கோவே எடுத்துக்கொண்ட மாதிரி. மேடைதான் கணக்கை நேர் செய்தது. 'நியூ கேர்ள் இன் டவுன்' இசை நாடகத்துக்காக 1958இல் டோனி விருது, அதுவும் சிறந்த நடிகை என்ற தலைப்பில். உடன் நடித்த க்வென் வெர்டனோடு பகிர்ந்துகொண்டார்.

இந்தக் கதவு எல்லோருக்கும் திறந்ததா

வேலைக்காரி வேடத்தைப் பற்றி இவ்வளவு பாராட்டிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவது சரியாக இருக்காது. 1940 பிப்ரவரி 29 அன்று 'கான் வித் தி விண்ட்' படத்துக்காக ஹாட்டி மெக்டேனியல் துணை நடிகை ஆஸ்கர் வாங்கினார். ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். விழா நடந்த ஹோட்டலில் படக்குழுவோடு உட்கார விடாமல் அவருக்குத் தனி மேசை போட்டிருந்தார்கள். விருதுக்குப் பிறகும் அவருக்கு வந்தவை பெரும்பாலும் வேலைக்காரி வேடங்களே. தெல்மாவின் வேலைக்காரிகள் முதலாளியம்மாவைப் பார்த்து "இதெல்லாம் சரியில்லை" என்று சொல்வார்கள், அடுத்த படத்தில் அவர் நர்ஸாகவோ தாயாகவோ வருவார். ஹாட்டிக்கு அந்த அடுத்த படம் வரவில்லை. திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அமைப்பு அப்படி.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

ஸ்டுடியோக்கள் கொட்டகைகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற வழக்கில் 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டுடியோக்களுக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தது. தொலைக்காட்சியும் வந்து சேர, சம்பளத்துக்கு நடிகர்களை வைத்துக்கொள்ளும் முறை 50களில் கரைந்துபோனது. ஆண்டுக்கு ஐந்தாறு படம் செய்யும் குணச்சித்திர நடிகைகளின் பரம்பரையும் அதோடு மெலிந்தது. தெல்மா நியூயார்க்கையே வீடாக வைத்துக்கொண்டு மேடை, தொலைக்காட்சி, சினிமா என்று மாறி மாறி ஓட்டினார். கிளார்க் கேபிளும் மர்லின் மன்றோவும் கடைசியாக முடித்துக்கொடுத்த 'தி மிஸ்ஃபிட்ஸ்' படத்தில், விவாகரத்துக்கு வரும் பெண்களுக்கு அறை வாடகைக்கு விடும் இசபெல் அவர்தான். 1967இல் 'தி இன்சிடென்ட்' படத்தில் நள்ளிரவு ரயிலில் ரவுடிகளிடம் மாட்டிக்கொள்ளும் முதியவள். 1969 பிப்ரவரி 5 அன்று மாரடைப்பால் இறந்தார்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் 'ரியர் விண்டோ'வில் தொடங்கலாம். அது எப்படியும் பிடித்துவிடும். அடுத்து 'பில்லோ டாக்'. அதில் தலைவலியோடு காலையில் வேலைக்கு வரும் குடிகார வேலைக்காரி அல்மாவிடமிருந்து ரகசியத்தைக் கறக்க ராக் ஹட்சன் குடிக்கக் கூட்டிப் போவார். கடைசியில் கவிழ்வது ஹட்சன்தான். இதைச் சிரித்து முடித்த கையோடு 'பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்' படத்தைப் போடுங்கள். மகனைத் தூக்குமேடையிலிருந்து காப்பாற்ற வெள்ளை மாளிகை வரை போகும் தாய், அதே மகன் வேறொரு பெண்ணைத் திருமணம் செய்ததும் கல்லாக மாறிவிடுகிறார். அதே முகம், அதே குரல், ஒரு துளி நகைச்சுவை இல்லை. 'பிக்அப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்' கடைசியாக இருக்கட்டும். முன்னால் உள்ள படங்களில் அவரோடு பழகிவிட்டுப் போனால்தான் அந்த இசைத்தட்டுக் காட்சி முழுசாக வந்து தாக்கும்.